மூடாமலும் மாறாமலும் ஒரு சின்ன கிறிஸ்தவக் கல்லூரி இருக்க முடியுமா?

நூலகர்_மிச்சிகன்

வணக்கம். அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு சின்ன கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் நூலகராக வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாமே. போன வருடம் தத்துவத் துறையையும் இசைத் துறையையும் மூடினார்கள். இப்போது "நம் மிஷனும் நம் சமூகமும்" என்று ஒரு குழு போட்டு என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். மிஷன் என்றால் கல்லூரி எந்த நோக்கத்துக்காக இருக்கிறதோ அது. முதல் கூட்டத்திலேயே இரண்டு கட்சியாகிவிட்டது. மிஷனை இறுகப் பிடித்தால் மாணவர் தானாக வருவார்கள் என்கிறது ஒன்று. முதலில் மாணவர் எண்ணிக்கை, மிஷனெல்லாம் அப்புறம் என்கிறது மற்றொன்று.

இந்த உலகம் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுற்றிலும் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாநிலத்தின் வடகோடியில் ஹான்காக் என்ற ஊரில், ஃபின்லாந்திலிருந்து குடியேறிய லூத்தரன் சபையார் 1896இல் தொடங்கிய கல்லூரி ஃபின்லாண்டியா. 2023 மார்ச்சில் இனி சேர்க்கை இல்லை என்று அறிவித்துவிட்டது. 1842இல் தொடங்கிய அயோவா வெஸ்லியனும் அதே ஆண்டு போனது. மேற்கு வர்ஜீனியாவில் பாப்டிஸ்டுகளின் ஆல்டர்சன் பிராடஸ், வகுப்பு தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது பட்டம் வழங்கும் உரிமையை இழந்தது. 2024 மே 31இல் மெதடிஸ்டுகளின் பர்மிங்காம்-சதர்ன். அந்தக் கடைசிக் கல்லூரியின் பேஸ்பால் அணி அப்போது தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. கல்லூரி மூடிய பிறகும் அணி ஆடியது. சமூகம் என்பது நிர்வாகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நாள் உயிரோடு இருக்கும்போல.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. சின்னக் கல்லூரிகளின் சாப்பாடு கட்டணப் பணத்தில்தான். அந்தக் கட்டணத்திலும் புதிய மாணவர்களுக்குப் பாதிக்கும் மேல் தள்ளுபடி கொடுத்துத்தான் தனியார் கல்லூரிகள் ஆள் பிடிக்கின்றன. 2008 நெருக்கடிக்குப் பிறகு பிறப்பு குறைந்ததால் பதினெட்டு வயதுப் பிள்ளைகளே குறையப் போகிறார்கள்.

பணத்தையும் மிஷனையும் ஒன்றாகக் காப்பாற்றிய இடம் எதையாவது உங்களில் யாராவது பக்கத்திலிருந்து பார்த்ததுண்டா? "ஜெபம் பண்ணுங்கள்" என்ற பதில் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது. பண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கென்டக்கித்_தம்பி

அக்கா, நான் படித்த இடத்தைச் சொல்கிறேன். கென்டக்கியில் பெரீயா கல்லூரி. நம் வேதாகமத்தில் அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தில் வரும் பெரோயா பட்டணத்தின் பெயர்தான். சுமார் 1,500 பேர் படிக்கிறார்கள். 1892 முதல் எந்த மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்கியதில்லை.

மூன்று விஷயம் அங்கே வேறுமாதிரி. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இடம். பணக்காரர் நன்கொடை கொடுக்கலாம், பிள்ளையைச் சேர்க்க முடியாது. பெரும்பாலோர் அப்பலாச்சிய மலைப்பகுதிக்காரர்கள், என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வரும் சிலரும் உண்டு. அடுத்தது, எல்லாரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் கல்லூரியிலேயே வேலை செய்ய வேண்டும். அதற்குச் சம்பளம் உண்டு. முதலாண்டு எந்த வேலை என்பதைக் கல்லூரி முடிவு செய்யும். எனக்குக் கிடைத்தது சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுக் கழுவும் இடம். பக்கத்தில் தட்டு அடுக்கியவன் நிலக்கரிச் சுரங்கக்காரர் ஒருவரின் பேரன். அவன் பேசிய ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை, என்னுடையது அவனுக்கும். தட்டு இருந்ததால் பேச்சுக்குப் பெரிய அவசியம் வரவில்லை. அங்கே விளக்குமாறு கட்டுவார்கள், தறியில் நெய்வார்கள், மரவேலை செய்வார்கள், 1909 முதல் நடக்கும் பூன் டேவர்ன் ஹோட்டலில் பரிமாறுவார்கள்.

மூன்றாவது, எழுதி வைத்த கடப்பாடுகள். 1969இல் முதன்முதலாக வகுத்து, பிறகு திருத்தி வருகிறார்கள். கிறிஸ்தவ அடித்தளம் உண்டு, ஆனால் எந்தச் சபையையும் சேர்ந்ததல்ல. நான் சைவக் குடும்பம். யாரும் என்னை மாற்றப் பார்க்கவில்லை. "சகல ஜனங்களையும் ஒரே இரத்தத்தினாலே" என்ற வசனம்தான் கல்லூரியின் முழக்கம். அது எனக்கு யாதும் ஊரே மாதிரித்தான் கேட்டது.

அதனால் அக்கா, உங்கள் குழு மிஷன் அறிக்கையைத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். யாரைச் சேர்க்கிறோம், தட்டை யார் கழுவுகிறார்கள் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை

தம்பி, எல்லாம் சரி. நூறு கோடி டாலருக்கு மேல் வைப்பு நிதி இருக்கிறது என்பதை எங்கேயும் சொல்லவில்லையே? முதலைத் தொடாமல் வரும்படியை மட்டும் எடுத்தாலே கல்லூரிச் செலவின் பெரும்பகுதி நடந்துவிடும். மொத்தம் 1,500 மாணவர். அந்தக் கணக்கில் நானும் தர்மவான்தான்.

2017 வரிச் சட்டம் நினைவிருக்கிறதா? ஒரு மாணவருக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் நிதி வைத்திருக்கும் பெரிய தனியார் கல்லூரிகளின் முதலீட்டு வருமானத்துக்கு 1.4 சதவீதம் வரி போட்டார்கள். ஹார்வர்டையும் யேலையும் குறிவைத்த வலையில் பெரீயாவும் சிக்கப் பார்த்தது. 2018இல் சட்டத்தைத் திருத்தி, கட்டணம் செலுத்தும் மாணவர்கள் உள்ள கல்லூரிக்கு மட்டும் என்று எழுதி விலக்கு கொடுத்தார்கள். ஏழைப் பிள்ளைகளின் கல்லூரி ஹார்வர்டோடு ஒரே பட்டியலில் வந்து நின்றது என்றால் எவ்வளவு பணம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நூலகர் அம்மாவின் கல்லூரிக்கு இதில் என்ன பாடம்?

நான் ஓய்வுபெற்ற தணிக்கையாளர். மிஷன் கெட்டதால் கணக்கு கெட்ட கல்லூரியைவிட, கணக்கு கெட்டதால் மிஷன் கெட்ட கல்லூரியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கென்டக்கித்_தம்பி

ஐயா, வரிசை மாறிவிட்டது. கட்டணத்தை நிறுத்தியது 1892இல். அப்போது பெரிய வைப்பு நிதி எதுவும் இல்லை. 1920இல்தான் அறங்காவலர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். இன்ன செலவுக்கு என்று குறிப்பிடாமல் யாராவது உயில் எழுதி வைத்தால், அந்தப் பணம் முழுவதும் வைப்பு நிதிக்குப் போக வேண்டும், அன்றாடச் செலவுக்குத் தொடக்கூடாது. நூறு வருடமாகச் சேர்ந்தது அது. பணம் வந்ததால் இலவசம் வரவில்லை. இலவசம் என்றதால் கொடுக்க ஆள் வந்தார்கள்.

கணக்குப்பிள்ளை

1920 முடிவு பற்றித் தெரியாது. அது நல்ல முடிவு, ஒத்துக்கொள்கிறேன். கூரை ஒழுகும்போது உயில் பணத்தைத் தொடாமல் இருப்பது லேசில்லை. ஆனாலும் நூறு வருடம் காத்திருக்க இன்று யாரிடம் நேரம் இருக்கிறது?

வரலாற்றுக்காரி

தம்பி கொஞ்சம் பூசி மெழுகுகிறார். அந்தக் கல்லூரி வரலாற்றில் மிஷன் வளைந்த இடங்களையும் சொன்னால்தான் நூலகர் குழுவுக்கு உதவும்.

ஜான் ஃபீ என்ற போதகர் 1855இல் ஓரறைப் பள்ளியாகத் தொடங்கினார். அடிமை முறை நடந்த மாநிலத்தில் அடிமை ஒழிப்பு பேசியவர். 1859இல் ஆயுதம் தாங்கிய கூட்டம் வந்து ஆசிரியர்களை ஊரைவிட்டே விரட்டியது. உள்நாட்டுப் போர் முடிந்தபின் திரும்பி வந்து, 1866-67இல் 187 மாணவரோடு நடத்தினார்கள். கறுப்பினத்தவர் 96, வெள்ளையர் 91. அந்தக் காலத் தெற்கில் இருவரையும் ஒரே வகுப்பில் உட்காரவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசியுங்கள்.

1892இல் வில்லியம் குட்டெல் ஃப்ராஸ்ட் தலைவரானார். வடக்கே உள்ள செல்வந்தர்களிடம் பணம் கேட்க அவருக்குப் புதிய கதை கிடைத்தது: அப்பலாச்சிய மலையின் ஏழை வெள்ளையர்கள். அந்தக் கதைக்குப் பணம் கொட்டியது. வெள்ளை மாணவர் பெருகினார்கள், கறுப்பின மாணவர் விகிதம் சரிந்தது. ஃபீ உயிரோடு இருக்கும்போதே அதை எதிர்த்தார். பிறகு 1904இல் மாநிலம் டே சட்டம் கொண்டுவந்து, இரு இனத்தாரும் ஒரே இடத்தில் படிப்பதையே தடை செய்தது. கல்லூரி உச்ச நீதிமன்றம் வரை போய் 1908இல் தோற்றது. நீதிபதி ஹார்லன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு மட்டும் இன்றும் பேசப்படுகிறது. கறுப்பின மாணவருக்காக லூயிவில் அருகே லிங்கன் இன்ஸ்டிட்யூட் என்ற தனிப் பள்ளிக்குப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 1950இல் சட்டம் தளர்ந்தபின்தான் கல்லூரிக்குள் மறுபடி சேர்க்க முடிந்தது. கறுப்பின வரலாற்றியலின் தந்தை எனப்படும் கார்ட்டர் வுட்சன் அங்கே 1903இல் பட்டம் பெற்றவர். அடுத்த ஆண்டு வந்திருந்தால் கதவு மூடியிருக்கும்.

சட்டத்தால் மூடிய கதவுக்குக் கல்லூரியைக் குறை சொல்ல முடியாது. சட்டத்துக்கு முன்பே நன்கொடையாளரின் ரசனைக்கு ஏற்ப மிஷன் ஒரு பக்கம் சாய்ந்ததே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அப்போது யாரும் மிஷனைக் கைவிட்டதாக நினைக்கவில்லை. ஏழைகளுக்குத்தானே செய்கிறோம் என்று நினைத்தார்கள். கணக்குப்பிள்ளை ஐயா சொல்வதுபோல் பணம் இல்லாமல் மிஷன் கெடும், சரி. பணம் எந்த வழியில் வருகிறதோ அந்த வழியிலும் அது கெடும்.

வட்டுக்கோட்டையான்

நல்ல இழை. ஃபீயின் பள்ளி தொடங்கிய அதே 1855இல் எங்கள் ஊரில் ஒன்றை மூடினார்கள். இரண்டுக்கும் நடுவில் உண்மையான தொடர்பும் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

வட்டுக்கோட்டை செமினரி 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கியது. முதல் அதிபர் டானியல் பூவர். கணிதம், வானியல், தமிழ், ஆங்கிலம் எல்லாம் அந்தக் காலத்திலேயே ஒரே கூரைக்குக் கீழ். சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்தான். ஆனால் படித்து வந்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள், பலர் சைவராகவே இருந்தார்கள். மிஷனுக்குத் தலைமையகமாக பாஸ்டனில் இருந்த அமெரிக்கன் போர்டு என்ற சங்கம் அனுப்பிய தூதுக்குழு, அதன் தலைவர் ரூஃபஸ் ஆண்டர்சன், இது மிஷனின் வேலை இல்லை என்று கருதியது. ஆங்கிலக் கல்வியை விட்டு, ஊர் மொழியில் சபை ஊழியத்துக்கு ஆள் தயாரிப்பதே வேலை என்றது. செமினரி மூடப்பட்டது. பிறகு ஊரார் கேட்டு, ஊராரும் பணம் போட்டு 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது.

தொடர்பு இதுதான். எங்கள் ஊருக்கு ஆள் அனுப்பிய அந்த அமெரிக்கன் போர்டு அடிமை முறையை உறுதியாக எதிர்க்கவில்லை என்று கோபித்துக்கொண்டவர்களும் சேர்ந்துதான் 1846இல் அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷனைத் தொடங்கினார்கள். ஃபீக்குப் படி அளந்தது அந்தச் சங்கம். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு சண்டைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நூலகர் அக்காவின் குழுவில் "மிஷனை இறுகப் பிடி" என்பவர்களிடம் நான் கேட்பது: எது மிஷன் என்று யார் சொல்வது? பாஸ்டன்காரர் கணக்கில் செமினரி வழி தவறியது. ஊரார் கணக்கில் அதுதான் கிடைத்ததிலேயே பெரிய நன்மை. மிஷனைச் சுத்தப்படுத்தப் போய் ஆட்களை இழந்தார்கள்.

மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. மதமாற்றம் பற்றிய தனிப் பதிவுகள் இரண்டை வேறு பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே கல்லூரியைப் பற்றி மட்டும்.

டாலஸ்_டீச்சர்

பெரீயாவின் பணத்தைப் பார்த்து எல்லோரும் மலைக்கிறீர்கள். பணமே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன், எங்கள் ஊர்தான். பால் க்வின் கல்லூரி. 1872இல் ஆஸ்டினில் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையார் தொடங்கி, பிறகு வேக்கோ போய், 1990இல் டாலஸ் வந்தது. 2007இல் மைக்கேல் சோரல் தலைவராக வந்தபோது வளாகத்தில் பாழடைந்த கட்டடங்கள். 2009இல் அங்கீகாரம் பறிபோகும் நிலை, நீதிமன்றம் வரை போய் இழுத்துப் பிடித்து, 2011இல் வேறொரு அமைப்பிடம் அங்கீகாரம் பெற்றார்கள்.

அவர் ஃபுட்பால் அணியைக் கலைத்தார். டெக்சஸில் ஃபுட்பால் அணியைக் கலைப்பது என்றால் மதுரையில் சித்திரைத் திருவிழாவை நிறுத்துவது மாதிரி. 2010இல் அந்த மைதானத்தை உழுது காய்கறிப் பண்ணையாக்கினார்கள். கல்லூரியைச் சுற்றி ஒழுங்கான மளிகைக்கடை கிடையாது. விளைந்ததில் ஒரு பகுதி அக்கம்பக்கத்துக்குப் போனது, மீதி விற்பனைக்கு. பிறகு கட்டணத்தைக் குறைத்து, 2017இல் பெரீயா மாதிரி மாணவர்கள் வேலை செய்யும் கல்லூரியாக மாறியது. "என்னைவிட நாம்" என்பது அங்கே தாரக மந்திரம், பண்ணைக்கும் அதே பெயர்.

மேலே சொன்ன ஆல்டர்சன் பிராடஸை இதோடு வைத்துப் பாருங்கள். அவர்கள் விளையாட்டு அணிகளைப் பெருக்கி, அதை நம்பிக் கட்டடங்களுக்குக் கடன் வாங்கினார்கள். கொஞ்ச வருடம் மாணவர் எண்ணிக்கையும் ஏறியது. அப்புறம் கடன் அப்படியே நின்றது, பிள்ளைகள் நிற்கவில்லை.

கணக்குப்பிள்ளை

பால் க்வின் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாணவர் உழைப்பு மலிவு என்று நினைத்து நாளைக்கே யாரும் இறங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு பருவமும் புதிய பையனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மேற்பார்வைக்கு முழுநேர ஆள் வேண்டும். தேர்வு வந்தால் பாதிப் பேர் காணாமல் போவார்கள். துப்புரவு ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தால் இதைவிடக் குறைவாகவே ஆகலாம். அதையும் தாண்டி ஒரு கேள்வி: இப்போது அந்த வேலையைச் செய்து குடும்பம் நடத்தும் பெண்களை என்ன செய்வீர்கள்? கிறிஸ்தவக் கல்லூரி சமூகம் வளர்க்க, ஐம்பது வயது ஆயாவை வேலையிலிருந்து அனுப்புமா?

நூலகர்_மிச்சிகன்

ஐயா, அந்தக் கடைசிக் கேள்வியை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். எங்கள் வளாகத்தைத் துடைக்கும் அம்மாதான் எல்லா மாணவர் பெயரும் தெரிந்த ஒரே ஆள். மிஷன் குழுவில் அவர் இல்லை.

எங்கள் உண்மை நிலை இது. வகுப்புகளில் பெரும்பங்கை இப்போது பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கிறார்கள். மூன்று ஊரில் மூன்று கல்லூரிக்கு ஓடும் மனிதரிடம் "எங்கள் சமூகத்தில் கலந்துகொள்ளுங்கள்" என்றால் அவர் எந்த நேரத்தில் கலப்பார்? முழுநேர ஆசிரியர்கள் முன்பு மதியச் சாப்பாட்டுக்கு மாணவர் கூடத்துக்கு வருவார்கள். செலவுக் குறைப்பில் அந்தச் சாப்பாட்டு அட்டையை நிறுத்தினார்கள். என்ன மிச்சமானது என்று கேட்டேன், சொன்ன தொகை ஒரு விளம்பரப் பலகைக்குக்கூடக் காணாது. அந்தப் பலகையில் "குடும்பமாய் வாழும் வளாகம்" என்று எழுதியிருக்கிறது.

சேலம்_சுகந்தி

நான் கிறிஸ்தவள் அல்ல, கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியை. எல்லாரும் பணம், வேலை என்று பேசுகிறீர்கள். உள்ளே யாருக்கு இடம் என்ற கேள்வியை வட்டுக்கோட்டைக்காரர் தொட்டார், அதற்குமேல் போகவில்லை.

அமெரிக்காவிலேயே இதில் பல வழி இருக்கிறது. இல்லினாயில் வீட்டன் கல்லூரியில் ஆசிரியர்கள் இதைத்தான் நம்புகிறோம் என்று சொல்லும் விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். 2015 டிசம்பரில் அங்கே ஒரு பேராசிரியை முஸ்லிம்களுக்கு ஆதரவாகத் தலைத்துணி அணிந்து, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒரே கடவுளைத்தான் வணங்குகிறோம் என்று எழுதினார். விடுப்பில் அனுப்பினார்கள். சில மாதத்தில் இரு தரப்பும் பேசிப் பிரிந்தார்கள். மிச்சிகனில் கால்வின் பல்கலைக்கழகம் ஆசிரியர் விஷயத்தில் கண்டிப்பு, மாணவர் விஷயத்தில் தளர்வு: ஆராதனைக்கென்று காலையில் வகுப்பில்லாத நேரம் ஒதுக்கிவிடுவார்கள், வருவது அவரவர் விருப்பம். பெரீயா எப்படி என்று தம்பி சொல்லிவிட்டார்.

கையெழுத்து வாங்கும் கல்லூரிகள் மிஷனைக் காப்பாற்றவில்லை என்று சொல்லமாட்டேன். வீட்டன் நன்றாகவே நடக்கிறது. அங்கே போகிறவருக்கு எதற்குப் போகிறோம் என்று தெரியும். என் பயம் நடுவில் நிற்கும் கல்லூரிகளைப் பற்றி. சேர்க்கையின்போது எல்லாரும் வாருங்கள் என்பார்கள், பதவி உயர்வு வரும்போது யார் நம்மவர் என்று பார்ப்பார்கள். எழுத்தில் இல்லாத கையெழுத்து அது. நூலகர் அக்கா, உங்கள் இடம் எந்த வகை என்பதை முதலில் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள்.

வட்டுக்கோட்டையான்

சுகந்தி அக்கா சொன்னது நியாயம். நான் சண்டை வரும் என்று தள்ளி நின்றேன்.

வரலாற்றுக்காரி

கால்வினைப் பற்றி ஒரு சேர்க்கை. ஆராதனை நேரத்தை விருப்பத்துக்கு விட்டதைவிட, அந்த நேரத்தில் வகுப்போ கூட்டமோ வைக்கக்கூடாது என்றதுதான் பெரிது. கால அட்டவணையில் இடம் கிடைக்காத எதுவும் ஒரு கல்லூரியில் பத்து வருடம் தாங்காது. பெரீயாவின் பத்து மணி நேரமும் அட்டவணைதான், பெரிய தத்துவமில்லை.

கென்டக்கித்_தம்பி

கணக்குப்பிள்ளை ஐயாவின் ஆயா கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பெரீயாவிலும் முழுநேர ஊழியர்கள் உண்டு. அவர்கள்தான் மாணவருக்கு வேலை கற்றுத் தருவார்கள். வேலைக்கு மதிப்பீடும் கிடைக்கும். தட்டுக் கழுவும் இடத்தில் எனக்கு மேலே இருந்த அம்மா கொடுத்த மதிப்பீடு எந்தப் பேராசிரியர் கொடுத்ததைவிடவும் கறார். அதனால் துடைக்கும் அம்மாவை அனுப்ப வேண்டியதில்லை அக்கா. அவரைக் கற்றுக்கொடுப்பவராக்கி, அதற்கான சம்பளமும் கொடுக்கலாம்.

கணக்குப்பிள்ளை

அந்தச் சம்பள உயர்வை வரவுசெலவில் எழுதினால் நான் கையெழுத்துப் போடுவேன். எழுதாமல் "கற்றுக்கொடுப்பவர்" என்று பட்டம் மட்டும் கொடுத்தால் மாட்டேன்.

நூலகர்_மிச்சிகன்

அடுத்த கூட்டத்துக்கு மூன்று கோரிக்கை மட்டும் எடுத்துப்போகிறேன். ஆசிரியர், ஊழியர் எல்லாருக்கும் மதியச் சாப்பாட்டு அட்டையைத் திரும்பக் கொடுப்பது, பகுதிநேரத்தவருக்கும் சேர்த்து. குறிப்பிட்ட செலவுக்கு என்று சொல்லாமல் வரும் உயில் பணத்தை அன்றாடச் செலவுக்குத் தொடாமலிருக்க அறங்காவலர்களிடம் தீர்மானம் கேட்பது, எவ்வளவு சின்னத் தொகையானாலும். சுகந்தி சொன்ன வெளிப்படையான எழுத்து. மூன்றாவதில்தான் அடிதடி நடக்கும்.

டாலஸ்_டீச்சர்

குழுவில் மாணவர் யாராவது இருக்கிறார்களா?

நூலகர்_மிச்சிகன்

ஒருவரும் இல்லை. கூட்டம் செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு, எல்லா மாணவருக்கும் ஆய்வுக்கூட வகுப்பு உள்ள நேரம். நேரத்தை மாற்றச் சொல்லி இன்று காலை மின்னஞ்சல் அனுப்பினேன். துப்புரவுப் பிரிவிலிருந்தும் ஒருவர் வேண்டும் என்று அதிலேயே சேர்த்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.